ஓமந்தூராரை 'நேர்மையானவர்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாமா?

1947 மார்ச் 23இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி) பொறுப்பேற்ற ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார், 1949 ஏப்ரல் 6இல் பதவியை விட்டு இறங்கினார். இரண்டு ஆண்டும் இரண்டு வாரமும்தான் அவர் ஆட்சி. அதற்குள் எந்தச் சாதியில் பிறந்த இந்துவும் கோயிலுக்குள் போகலாம் என்று சட்டம் வந்தது. பெண்களுக்குப் பொட்டுக் கட்டுவது குற்றமாயிற்று. ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. மாகாணம் முழுக்கச் சாராயக் கடையும் கள்ளுக்கடையும் மூடப்பட்டன. மனைவி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கத்துக்குச் சட்டம் தடை போட்டது. அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கென்று தனிப் பங்கு பிரிக்கப்பட்டது. இத்தனையும் நடந்த ஆட்சியின் தலைவரைப் பற்றி இன்று மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறார்கள்: நேர்மையானவர்.

அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பாராட்டு அவருடைய அரசியலை மூடி மறைத்துவிட்டது என்பதே என் வருத்தம். கைசுத்தமானவர், எளிமையானவர், வள்ளலார் பக்தர் என்று ஒரு படத்தை மாட்டி மாலை போட்டுவிட்டால், அவர் யாருக்காகச் சட்டம் போட்டார், யாரைச் சிறையில் வைத்தார், யார் அவரைக் கவிழ்த்தார்கள், ஏன் கவிழ்த்தார்கள் என்ற கேள்விகளுக்கு இடமே இல்லாமல் போகிறது. அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

அவர் வந்த மண்ணிலிருந்து தொடங்குவோம். செஞ்சியிலிருந்து திண்டிவனம் வரை நீளும் பூமி மானாவாரி பூமி. ஏரி நிரம்பினால் நெல், இல்லையென்றால் மல்லாட்டை (நிலக்கடலை), கம்பு, கேழ்வரகு. வல்லம் வட்டாரத்தில் இன்றைக்கும் அறுவடைக் காலத்தில் மல்லாட்டை மூட்டைகள் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தப் பக்கத்தில் ஜமீன்கள் குறைவு. தென்னார்க்காட்டின் பெரும்பகுதி ரயத்துவாரி. பட்டாதாரர் நேரடியாகச் சர்க்காருக்குக் கிஸ்தி கட்டுவார். ஊர்களில் எண்ணிக்கையில் பெரியவர்கள் வன்னியர்களும் ஆதிதிராவிடர்களும். நிலத்தில் பெரியவர்களாக அன்று இருந்தவர்களில் ரெட்டியார்களும் முதலியார்களும் முக்கியமானவர்கள். மேல்சித்தாமூரில் மடமும், அதைச் சுற்றிய ஊர்களில் சமணக் குடும்பங்களும் உண்டு. தென்கிழக்கே போனால் அன்று பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருக்கும் ஓமந்தூரில், 1895 பிப்ரவரி 1இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ராமசாமி. படிப்பு திண்டிவனத்தில். கல்லூரிப் பட்டம் இல்லை, வக்கீல் தொழில் இல்லை. அந்தக் காலத்துக் காங்கிரஸ் தலைவர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள். நிலத்தையும் கிணற்றையும் பார்த்து வளர்ந்த ஒருவர் அவர்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது அப்போதே பேசப்பட்டது. சோமலெ எழுதிய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பே 'விவசாய முதலமைச்சர்' என்பதுதான். காந்தியின் அழைப்பை ஏற்றுப் போராட்டத்தில் இறங்கினார், சிறை போனார், தென்னார்க்காட்டுக் காங்கிரஸைக் கிராமம் கிராமமாகக் கட்டினார். கதர், தக்ளி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்ற காந்திய நிர்மாணத் திட்டத்தை அவர் தேர்தல் முழக்கமாக நினைக்கவில்லை. ஆட்சிக்கு வந்த பிறகு அவர் கொண்டுவந்த சட்டங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

அவருக்கு முன்பே இந்த ஜில்லா ஒருவரைச் சென்னை மாகாணத்தின் தலைமை இடத்துக்கு அனுப்பியிருக்கிறது. 1920இல் இரட்டை ஆட்சி முறையில் முதல் தேர்தல் நடந்து நீதிக்கட்சி வென்றபோது, முதல் மந்திரியானவர் கடலூரைச் சேர்ந்த ஏ. சுப்பராயலு ரெட்டியார். தென்னார்க்காடு ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர். உடல்நலம் கெட்டு 1921 ஜூலையிலேயே விலகினார், அந்த ஆண்டே காலமானார். பானகல் ராஜா அவர் இடத்துக்கு வந்தார். சுப்பராயலு ரெட்டியாரின் காலத்தில் மந்திரிகளிடம் கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் போன்ற துறைகளே இருந்தன. போலீஸும் நிலவரியும் கவர்னரின் நிர்வாக சபை கையில். ஓமந்தூரார் வந்தபோது நிலைமை முற்றிலும் வேறு. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். சட்டசபையில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை. எழுதிய சட்டத்தை நிறைவேற்றும் அதிகாரம் கையில் இருந்தது. அதே சமயம் வாக்குரிமை இன்னும் எல்லோருக்கும் இல்லை. 1946இல் ஓட்டுப் போட்டவர்கள் சொத்தோ வரியோ படிப்போ உள்ளவர்கள். வல்லம் பக்கத்துப் பண்ணையாளுக்கும் களை எடுக்கும் பெண்ணுக்கும் அந்தத் தேர்தலில் பங்கு இல்லை. அவர்களுக்காகப் போடப்பட்ட சட்டங்களில் பல, அவர்கள் தேர்ந்தெடுக்காத ஒரு சபையில் நிறைவேறின. ஓமந்தூரார் ஆட்சியை எடைபோடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அவர் பதவிக்கு வந்த வழி கட்சிப் பூசலின் வழி. 1946 தேர்தலுக்குப் பின் டெல்லித் தலைமை ராஜாஜியை விரும்பியது. தமிழ்நாட்டுக் காங்கிரஸார் பலர் ஒப்பவில்லை. 1942 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்திலிருந்து அவர் விலகி நின்றது அவர்கள் மனத்தில் ஆறாமல் இருந்தது. போட்டியில் ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் வென்றார். ஓராண்டு முடிவதற்குள் காமராஜர் அணியும் பிரகாசத்துக்கு எதிரான ஆந்திரர்களும் சேர்ந்து அவரை இறக்கினார்கள். அடுத்தவர் யார் என்ற கேள்வி வந்தபோது, எந்தக் கோஷ்டிக்கும் தலைவராக இல்லாத, எல்லோரும் மதிக்கிற ஒருவர் தேவைப்பட்டார். ஓமந்தூரார் உடனே ஒப்புக்கொள்ளவில்லை என்றும், திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைக் கண்ட பிறகே சம்மதித்தார் என்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அவருக்கு ரமணரிடம் இருந்த பக்தி ஊரறிந்தது. ஆனால் அரசியல் கணக்கு ஒன்றும் அங்கே இருந்தது. சொந்தக் கோஷ்டி இல்லாதவரைத் தேர்ந்தெடுத்தவர்கள், அவர் தங்கள் பேச்சைக் கேட்பார் என்று எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பு பொய்த்ததில்தான் அவர் ஆட்சியின் சாதனையும் முடிவும் சேர்ந்தே தொடங்கின.

முதலில் கோயில். 1939 ஜூலை 8இல் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றதும், அதற்குப் பாதுகாப்பாக ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்ததும் பாடப்புத்தகம் சொல்கிற செய்தி. அந்த 1939 சட்டம் கோயில் நிர்வாகம் மனம் வைத்தால் கதவைத் திறக்கலாம், திறந்தவர் மேல் வழக்கு வராது என்ற அளவில் நின்றது. 1947இல் வந்த சென்னை ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் வேறு தளத்துக்கு ஏறியது. எந்தச் சாதியைச் சேர்ந்த இந்துவும் கோயிலுக்குள் நுழைந்து வழிபட உரிமை உண்டு, தடுத்தால் தண்டனை. தர்மகர்த்தாவின் தயவு தேவையில்லை. உரிமை வழிபடுகிறவரிடம் இருக்கிறது. இந்தச் சட்டத்தை எதிர்த்து அன்றைய சென்னை மாகாணத்தின் தென்கன்னடத்தில் இருந்த மூல்கி வெங்கடரமணர் கோயிலார் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குறிப்பிட்ட சில சடங்கு நேரங்களைத் தவிர மற்ற நேரத்தில் எல்லா இந்துக்களும் வரலாம் என்று 1957இல் தீர்ப்பானது. அரசியல் சட்டத்தின் 25, 26ஆம் பிரிவுகளைப் பற்றிப் பேசும் யாரும் அந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. ஓமந்தூரார் அரசு போட்ட சட்டத்தின் மேல் கட்டப்பட்ட தீர்ப்பு அது.

சட்டம் ஊருக்குள் எவ்வளவு தூரம் நடந்தது? செஞ்சியை ஒட்டிய மேலச்சேரிதான் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலத்தானம் என்று இந்த வட்டாரம் நம்புகிறது. பாரதக் கூத்தும் தீமிதியும் அங்கிருந்துதான் கிளை பரப்பின என்பார்கள். அதே திரௌபதி அம்மனுக்கு விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில் உள்ள கோயில், தலித் மக்கள் உள்ளே வருவதை எதிர்த்து எழுந்த மோதலால் 2023 ஜூனில் வருவாய்த் துறையால் பூட்டி முத்திரையிடப்பட்டது. சட்டம் வந்து 76 ஆண்டுகள். நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. பெரிய ஸ்தலங்களில் 1947இன் சட்டம் வென்றுவிட்டது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் யார் எந்தச் சாதி என்று யாரும் கேட்க முடியாது. ஊர்ப் பொதுக்கோயில், வீதியுலா, முதல் மரியாதை, தேர் எந்தத் தெருவுக்குள் போகும் என்பவற்றில் அது இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஓமந்தூரார் போட்டது பாதி வேலை என்று இதை வைத்துச் சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேல்பாதியில் அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடவும் பிடிமானமாக ஒரு சட்டம் இருக்கிறது. அதைச் செயல்படுத்தத் தயங்கிய பழி, அவருக்குப் பின் வந்த எல்லா ஆட்சிகளுக்கும் உரியது.

தேவதாசி ஒழிப்பில் அவர் அறுவடை செய்தவர், விதைத்தவர் வேறு. முத்துலட்சுமி ரெட்டி 1927இலேயே சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மேடை மேடையாக ஏறிப் பேசி, எதிர்ப்பையும் அவமானத்தையும் தாங்கினார். இருபது ஆண்டுகள் இழுத்துக்கிடந்த அந்தக் காரியத்தை 1947இல் ஓமந்தூரார் அரசு முடித்துவைத்தது. 1949இல் வந்த இருதார மணத் தடை மற்றும் மணவிலக்குச் சட்டத்துக்கு உரிய பேர் இன்னும் கிடைக்கவில்லை. நாடு முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் வந்தது 1955இல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே சென்னை மாகாணத்து இந்துப் பெண் மணவிலக்குக் கேட்டு நீதிமன்றப் படி ஏற முடிந்தது. டெல்லியில் அம்பேத்கரின் இந்துச் சட்ட மசோதா சனாதனிகளின் எதிர்ப்பில் சிக்கிக்கிடந்த அதே காலத்தில் இங்கே இது நடந்திருக்கிறது. ஆசிரமங்களுக்குப் போய்வந்த ஒரு பக்திமானின் ஆட்சியில் நடந்திருக்கிறது. பக்தி என்றால் பழமைவாதம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

ஜமீன் ஒழிப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எங்கள் பக்கம் அதன் தாக்கம் குறைவு. 1802இன் சாசுவத நிலவரி முறை மாகாணத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலத்தை ஜமீன்களிடம் விட்டிருந்தது. 1938இலேயே பிரகாசம் தலைமையிலான குழு குடியானவர் பக்கம் நின்று அறிக்கை தந்தது. 1947இல் வாரக் குறைப்புச் சட்டமும், 1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் வந்தன. பெரும் பயன் ஆந்திர ஜில்லாக்களுக்கும் ராமநாதபுரம், சிவகங்கை போன்ற பகுதிகளுக்கும். ரயத்துவாரிப் பகுதியில் பட்டாதாரரிடம் வாரத்துக்கு உழுதவருக்கும் பண்ணையாளுக்கும் இந்தச் சட்டம் எதையும் தரவில்லை. விவசாயி முதல்வர் என்ற பட்டத்தை நாம் பெருமையோடு சொல்கிறோம். எந்த விவசாயி என்று கேட்டால், அது முதன்மையாகப் பட்டா உள்ள விவசாயி. நிலமற்றவருக்குப் பாதுகாப்பு 1950களில்தான், அதுவும் தஞ்சையின் போராட்டங்களுக்குப் பிறகுதான் வந்தது.

மதுவிலக்கு 1937இல் ராஜாஜியால் சேலத்தில் தொடங்கப்பட்டது. போர்க்காலத்தில் நிறுத்தப்பட்டது. பிரகாசம் மீண்டும் படிப்படியாகத் தொடங்கிவைத்ததை ஓமந்தூரார் 1948 அக்டோபர் 2இல் மாகாணம் முழுக்கக் கொண்டுவந்தார். காந்தி கொல்லப்பட்ட பின் வந்த முதல் காந்தி ஜயந்தி அது. கலால் வருமானம் போய்விடும் என்று கருவூலம் கவலைப்பட்டது. அமெரிக்கா 1920இல் நாடு முழுக்க மதுவிலக்கை அமலாக்கி 1933இல் கைவிட்ட அனுபவமும் எல்லோர் கண் முன்னும் இருந்தது. அவர் அசையவில்லை. எங்கள் ஜில்லாவுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில். ஓமந்தூருக்கு அருகிலேயே எல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் கடை திறந்திருக்கும். இன்றுவரை திண்டிவனம் சாலையில் மதுவிலக்குச் சோதனைச் சாவடி இருப்பதற்கு வேர் அங்கே. ஆனாலும் கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போகும் பழக்கம் ஒரு தலைமுறைக்குக் குறைந்தது என்று பெண்கள் சொன்னதை அலட்சியம் செய்ய நான் தயாராக இல்லை. மாகாணம் தமிழ்நாடாகிக் கடைகள் மறுபடி திறந்தது 1971இல். அதற்கு முந்திய ஆண்டு ஓமந்தூரார் காலமாகியிருந்தார்.

இனி வகுப்புவாரி உத்தரவு. அவர் ஆட்சியின் நடுநாயகம் என்று நான் கருதுவது இதைத்தான். நீதிக்கட்சி ஆட்சி 1921இல் முதல் உத்தரவு போட்டது. அதை 1920களின் கடைசியில் அமைச்சர் முத்தையா முதலியார் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு அரசு வேலை இடம் வந்தால், பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு இரண்டு, தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்று. இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 'பிராமணரல்லாத இந்து' என்ற ஒரே பந்தியில் பெருநிலக்காரரும் உட்கார்ந்தார், பள்ளிக்கூட வாசலையே பார்க்காத குடும்பத்துப் பிள்ளையும் உட்கார்ந்தார். இலை யாருக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிற்படுத்தப்பட்டோர் அமைப்புகள் 1930களிலிருந்தே தங்களைத் தனியே பிரிக்கும்படி கேட்டுவந்தன.

1947 நவம்பரில் ஓமந்தூரார் அரசு கணக்கைத் திருத்தியது. இப்போது பதினான்கு இடம். பிராமணரல்லாத இந்துக்கள் ஆறு, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் இரண்டு, பிராமணர் இரண்டு, ஹரிஜனங்கள் இரண்டு, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர் ஒன்று, முஸ்லிம் ஒன்று. ஒரு தாலுகா அலுவலகத்தில் பதினான்கு குமாஸ்தா வேலை நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் வல்லம் பக்கத்து வன்னியப் பிள்ளை ஒருவர், முன்னேறிய சாதிகளோடு அதே வரிசையில் நின்று மோத வேண்டும். புதிய முறையில் அவருக்கென்று இரண்டு நாற்காலி தனியே போடப்பட்டிருக்கிறது. ஆதிதிராவிடருக்குப் பன்னிரண்டில் ஒன்று இருந்தது, பதினான்கில் இரண்டாயிற்று. ஒரு ரெட்டியார் தலைமையில் இருந்த அரசு, அவர் சாதியும் அடங்கிய பந்தியில் கலந்து கிடந்த எளியவருக்குத் தனிப் பங்கு பிரித்துத் தந்தது. நேர்மை என்று அவரைப் பாராட்டுகிறவர்கள் இந்த நேர்மையைச் சொல்லிப் பாராட்ட வேண்டும்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. தாடியில்லாத ராமசாமி நாயக்கர் என்று அவரை எதிரிகள் கேலி செய்தார்கள். பெரியாரின் கொள்கையைக் காங்கிரஸ் சட்டை போட்டுக்கொண்டு நடத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. கல்லூரிச் சேர்க்கையிலும் இதே பங்கீடு பின்பற்றப்பட்டதால், அரசியல் சட்டம் வந்த பிறகு சம்பகம் துரைராஜன், சி.ஆர். ஸ்ரீனிவாசன் ஆகியோர் வழக்குத் தொடர்ந்தார்கள். 1950இல் சென்னை உயர் நீதிமன்றமும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உத்தரவு செல்லாது என்றன. தமிழகம் கொந்தளித்தது. அந்த ஆண்டு ஜூனிலேயே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது, 15(4) என்ற உட்பிரிவு பிறந்தது. இந்தியா முழுவதும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளை கல்லூரியில் இடம் பெறுவதற்கு ஆதாரமான பிரிவு அது. அந்த வழக்கில் நீதிமன்றங்கள் விசாரித்த 6, 2, 2, 2, 1, 1 என்ற கணக்கு, ஓமந்தூரார் அரசு போட்டது.

பாரதியார் பாடல்களுக்கு விடுதலை கிடைத்ததும் அவர் காலத்தில்தான். ஒலிபரப்பு, இசைத்தட்டு உரிமை படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. நாடகக் கலைஞர் டி.கே. சண்முகம் உள்ளிட்டோர் நாட்டுடைமை கேட்டுக் குரல் கொடுத்தார்கள். 1949இல் மெய்யப்பன் விலை பேசாமல் உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். ஒரு எழுத்தாளரின் ஆக்கங்களை அரசு மக்களுக்காகப் பெற்ற முன்மாதிரி அங்கே தொடங்கியது. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ்க் கலைக்களஞ்சியப் பணிக்கும் இந்த ஆட்சி ஆதரவு தந்தது.

இதே அவினாசிலிங்கம் துறையில்தான் 1948இல் பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்ற உத்தரவும் வந்தது. தமிழ்ப் பகுதியிலும் அது நீட்டிக்கப்பட்டதும் திராவிடர் கழகம் மறியலில் இறங்கியது. 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் அனுபவத்துக்குப் பத்தே ஆண்டு கழித்து அதே தவற்றை ஒரு தமிழ் விவசாயியின் ஆட்சி ஏன் செய்தது? காந்திய நிர்மாணத் திட்டத்தில் இந்தியும் ஓர் அங்கம் என்பதே விடை. கதரையும் மதுவிலக்கையும் ஏற்றதுபோல் இந்தியையும் அவர் ஏற்றுக்கொண்டார். மக்கள் மனம் வேறாக இருந்ததை எடைபோடவில்லை. பெரியார் கைதானார். அதற்கு முன்பே, 1948 மார்ச்சில், கருஞ்சட்டைப் படை தடை செய்யப்பட்டிருந்தது. வகுப்புவாரி உத்தரவில் பெரியாரின் சீடர் என்று வசைபட்டவர், அதே மாதங்களில் பெரியாரின் தொண்டர்களைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

கம்யூனிஸ்ட்டுகள் மேல் இன்னும் கடுமை. பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையில்லாக் காவல் தாராளமாகப் பயன்பட்டது. 1947 டிசம்பரில் கைதான ஏ.கே. கோபாலன் ஓமந்தூரார் ஆட்சி முடிந்த பிறகும் உள்ளேயே இருந்தார். 1950இல் அவர் தொடர்ந்த வழக்குதான் தடுப்புக்காவல் பற்றி உச்ச நீதிமன்றம் கண்ட முதல் பெரிய வழக்கு. அன்றைய நெருக்கடியை நான் குறைத்துச் சொல்லவில்லை. உணவுப் பஞ்சம், ரேஷன், தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம், ஹைதராபாத் எல்லையில் ரஜாக்கர் அட்டூழியம், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவ நடவடிக்கை என்று அடுத்தடுத்து இடி. ஆனாலும் வெள்ளைக்காரனின் சிறையில் விசாரணையில்லாமல் வாடியவர்கள், ஆட்சிக்கு வந்ததும் அதே சாவியை எடுத்துப் பூட்டியது சுதந்திரத்தின் முதல் களங்கம். அவர் நேர்மையைப் போற்றும் நூல்களில் இந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

வீழ்ச்சிக்கு வருவோம். அந்தக் காலத்தில் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தல் ஆண்டுதோறும் வரும். 1948இல் பிரகாசத்தை எதிர்த்து ஓமந்தூரார் வென்றார். காமராஜர் துணை நின்றார். 1949இல் அந்தத் துணை விலகியது. சட்டசபை உறுப்பினர்களின் குறை ஒன்றே ஒன்று: சிபாரிசு செல்லவில்லை. மாற்றல், நியமனம், பர்மிட், லைசென்ஸ் என்று வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பினார். கலெக்டர் வேலையில் கட்சிக்காரர் தலையிடக் கூடாது என்றார். போர்க்காலக் கட்டுப்பாடுகள் நீடித்த நேரம் அது. ஒரு பர்மிட் கையில் கிடைத்தால் பணம் கொட்டும். சுதந்திரத்துக்காகச் சொத்தை இழந்தோம், இப்போதாவது ஏதாவது செய்யக் கூடாதா என்று கேட்டவர்களில் உண்மையாகவே இழந்தவர்களும் இருந்தார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார். சர்வாதிகாரி என்ற பேர் கிடைத்தது. பி.எஸ். குமாரசாமி ராஜா அடுத்த தலைவரானார்.

இந்த இடத்தில் ஓர் அமெரிக்கரை நினைக்கத் தோன்றுகிறது. நம் சுப்பராயலு ரெட்டியார் பிறந்த அதே 1855இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் லா ஃபாலட், 1901 முதல் 1906 வரை அந்த மாநிலத்தின் ஆளுநர். கட்சியைக் கைக்குள் வைத்திருந்த பெரும்புள்ளிகளோடு மோதினார். அவர் செய்த முக்கியமான காரியம், வேட்பாளரைக் கட்சித் தலைகள் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்வதை மாற்றி, வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலைச் சட்டமாக்கியது. அவரை இறக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அதன்பின் மக்களிடம் போக வேண்டியிருந்தது. பிறகு செனட்டராகி 1925இல் சாகும்வரை அவர் அரசியலில் நின்றார். ஓமந்தூரார் சிபாரிசைத் தன் குணத்தால் தடுத்தார், விதியால் தடுக்கவில்லை. அவர் போனதும் தடுப்பும் போனது. சமூகச் சட்டங்களில் அவ்வளவு துணிந்தவர், நிர்வாகத்தைக் கட்சியிடமிருந்து காக்கும் ஒரு சட்டத்தையாவது எழுதிவைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பதவி போன பின் அவர் வடலூருக்குப் போனார். வள்ளலார் 1867இல் தருமச்சாலையும் பிறகு சத்திய ஞான சபையும் நிறுவிய இடம். சுத்த சன்மார்க்க நிலையத்தை நடத்தினார், ஆதரவற்ற பிள்ளைகளைப் படிக்கவைத்தார். பதவி தேடி மறுபடி சென்னைப் பக்கம் போகவில்லை. 1970 ஆகஸ்ட் 25இல் காலமானார். சென்னையில் அவர் பேரைத் தாங்கிய அரசினர் தோட்டத்தில், சட்டமன்றத்துக்கென்று கட்டப்பட்ட வட்டக் கட்டடம் 2014இல் அரசுப் பன்னோக்கு மருத்துவமனையாயிற்று. 'ஓமந்தூரார் ஆஸ்பத்திரி' என்று ஆட்டோக்காரர் முதல் எல்லோரும் சொல்கிறார்கள்.

அவர் விலகிய மூன்றாம் ஆண்டு, 1952இல், எல்லோருக்கும் ஓட்டு வந்தது. தென்னார்க்காடு காங்கிரஸின் ரெட்டியார், முதலியார் தலைமையைத் தள்ளிவைத்து, ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சிக்கு அள்ளிக் கொடுத்தது. அந்தக் கட்சி மாகாணத்தில் 19 இடம் பிடித்தது. 1947இல் தனியே பிரிக்கப்பட்ட இரண்டு நாற்காலி போதாது என்று சொல்லும் அரசியல் அன்றே தொடங்கிவிட்டது. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் ஒரு வாரச் சாலை மறியலில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டார்கள். துப்பாக்கிச் சூட்டிலும் மோதலிலும் 21 உயிர் போயிற்று. 1989இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கென்று 20 விழுக்காடு பிரிக்கப்பட்டது. அந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் 2025இல் மணிமண்டபம் திறந்தார்கள். பெரிய பந்தியிலிருந்து எளியவரைப் பிரித்துத் தனி இலை போட வேண்டும் என்ற வாதத்தை முதலில் அரசாணையாக்கியவர், அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஓமந்தூரில் பிறந்தவர். விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு 1947 நவம்பர் அரசாணையையும் 1987 மறியலையும் ஒரே பாடமாக நடத்தலாம். 1947 முதல் 1949 வரையான சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. அவற்றில் அவரை எதிர்த்துப் பேசியவர்களின் உரைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.